ஃப்ரீ பஸ்ஸுக்கு 40 நிமிஷம், மொய்க்கு 5,001 ரூபாய்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் பணத்தைப் பத்திப் பேசப்போறோம். எஸ்.ஐ.பி., கிரெடிட் கார்டு பாயின்ட், முப்பது வயசுக்குள்ள வீடு வாங்குறது எப்படின்னு கேட்க வந்தவங்க மன்னிக்கணும். எங்க அம்மா எப்படிச் செலவு பண்றாங்க, எப்படிச் செலவு பண்ணாம இருக்காங்க, அதை நான் எத்தனை வருஷமா தப்பாப் புரிஞ்சுக்கிட்டு இருந்தேன், இதைத்தான் சொல்லப்போறேன். கேட்டு முடிச்சதும் உங்க வீட்டு பீரோவுல ஒரு நோட்டைத் தேடுவீங்கன்னு நினைக்கிறேன்.

போடி பஸ் ஸ்டாண்டு, மதியம் ரெண்டு மணி

2024 ஆவணி மாசம். நான் சென்னையிலேர்ந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் பொட்டிபுரம். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கம், மேற்கு மலை அடிவாரம். நீங்க இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருந்தா அது நியூட்ரினோவாலதான் இருக்கும். எங்க ஊர் மலையைக் குடைஞ்சு ஆய்வுக்கூடம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டம். எதிர்ப்பு, வழக்குன்னு அது அப்படியே நிக்குது. அந்தக் கதைக்குத் தனி எபிசோடு வேணும். இன்னிக்கு 1,500 கோடி வேண்டாம், 1,001 ரூபாயைப் பத்திப் பேசுவோம்.

அம்மாவுக்குக் கண் செக்கப். முடிச்சுட்டு போடி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் சொன்னார். நான் "சரிண்ணே"ன்னு ஏறப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க.

"முந்நூறா? ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். பஸ்ஸு வரட்டும்."

2021-லேர்ந்து தமிழ்நாட்டுல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த பஸ்ஸுக்காக 40 நிமிஷம் நின்னோம். கண்ணுல மருந்து ஊத்தின ஆளு, வெயிலுக்கு முந்தானையை முகத்துல போட்டுக்கிட்டு நின்னாங்க. கடைசியில பஸ் வந்துச்சு. அம்மாவுக்கு ஃப்ரீ, எனக்கு மட்டும் டிக்கெட். அம்மா முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு.

அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து ஊர் மண்டபத்துல ஒரு காதுகுத்து. அம்மாவோட மலைக்கு ஜீப்புல வேலைக்குப் போற பெரியம்மா ஒருத்தங்க, அவங்க பேத்திக்கு. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, அம்மா நேரா மொய் எழுதுற மேசைக்குப் போனாங்க. சுருக்குப்பையைத் திறந்தாங்க. பத்து ஐநூறு ரூபாய் நோட்டு, மேல ஒரு ஒத்த ரூபாய் காசு. மைக்ல அறிவிச்சாங்க. பொட்டிபுரம், அப்பா பேரு, ஐயாயிரத்து ஒண்ணு.

எனக்குத் தலை சுத்திருச்சு. மதியம் முந்நூறு ரூபாய்க்கு வெயில்ல நின்ன அதே ஆளு! அதுவும் 2024 கோடையில இடுக்கிப் பக்கம் வறட்சியில ஏலச்செடி பெரிய அளவுல காய்ஞ்சு போன வருஷம் அது. வேலை நாளே குறைஞ்சு கிடந்துச்சு.

வீட்டுக்கு நடந்து வரும்போது சண்டை போட்டேன். "ஏம்மா, ஆட்டோவுக்கு முந்நூறு குடுக்க மனசு வரல, இதுக்கு ஐயாயிரமா? உன் கணக்கு எனக்குப் புரியவே இல்ல."

அம்மா நிக்கக்கூட இல்ல. நடந்துக்கிட்டே சொன்னாங்க: "அது போற காசு தம்பி. இது இருக்கிற காசு."

பீரோவுல இருந்த நோட்டு

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டாங்க. எங்க பக்கம் இதுக்கு மொய் நோட்டுன்னும் சொல்லுவோம், செய்முறை நோட்டுன்னும் சொல்லுவோம். செய்முறைன்னா விசேஷத்துக்குச் செய்ய வேண்டிய முறை. அது பணமா இருக்கலாம், சில்வர் அண்டாவா இருக்கலாம், அரிசி மூட்டையா இருக்கலாம். தாய்மாமன்னா கிடாயும் நகையுமா மேளத்தோட வரும்.

முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, மூலையில மஞ்சள். 2009-ல என் தங்கச்சிக்கு நடந்த சடங்கு விழாவோட நோட்டு அது. 212 பேரு. சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், போடி... ஊர் பேரு, ஆள் பேரு, தொகை. 51, 101, 201. அப்பப்ப ஒரு 501. மொத்தம் 74,000 ரூபாய் சொச்சம். பந்தி, பந்தல், மைக் செட் செலவு போகக் கையில நின்னது 40,000-க்குக் கொஞ்சம் மேல.

அந்த வருஷம்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்.

எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அப்பா எங்கயோ கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். முதல் வருஷ ஃபீஸும் ஹாஸ்டல் முன்பணமும் இந்த 212 பேரு கொடுத்தது. அதுவும் என் பேர்ல கொடுத்தது இல்ல, தங்கச்சி பேர்ல. அவ விசேஷத்துக்கு வந்த பணத்துல நான் காலேஜுக்குப் போனேன். அவ அப்புறம் தேனியில பி.காம் படிச்சா. எனக்கு இந்த காலேஜ்தான் வேணும்னு நான் அடம் பிடிச்ச மாதிரி அவ ஒரு நாளும் கேட்டதில்ல. இதை அன்னிக்கு ராத்திரி நோட்டைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சேன். இந்தக் கணக்குக்கு அப்புறம் வர்றேன்.

நோட்டுல ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் அம்மா பென்சில்ல ஒரு டிக் போட்டிருந்தாங்க. திருப்பிச் செஞ்சாச்சுன்னு அர்த்தம். 15 வருஷமா ஒவ்வொரு பேரா அடைச்சுக்கிட்டு வந்திருக்காங்க. அன்னிக்குச் சாயங்காலம் போன காதுகுத்து வீட்டுப் பெரியம்மா பேரு 38-வது. அதுல எழுதியிருந்த தொகை 1,001. அந்த நோட்டுல சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர் எழுதினதுல அதுதான் பெரிய தொகை.

ஒம்பது நாள் கூலி

"ஆயிரத்து ஒண்ணு வாங்கினா ரெண்டாயிரம் செஞ்சா போதாதா?"ன்னு கேட்டேன். மனசுக்குள்ள ஒரு கணக்கும் போட்டேன். 1,001 ரூபாயை பேங்க்ல 7 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டிருந்தா 15 வருஷத்துல சுமார் 2,760 ரூபாய் ஆகியிருக்கும். அப்போ 3,000 கொடுத்தாலே நியாயம்தானே?

அம்மாவோட கணக்கு வேற. "அன்னிக்கு மலையில நாள் கூலி நூத்திப்பத்து ரூவா. அவ எனக்கு ஒம்பது நாள் கூலியைத் தூக்கிக் குடுத்தா. அந்த ஒம்பது நாள் அவ வீட்டுல என்ன சாப்பிட்டாங்கன்னு நான் கேட்கல. இன்னிக்குக் கூலி ஐநூறை ஒட்டி வருது. நானும் ஒம்பது நாள் கூலியைக் குடுத்தேன். மேல ஒரு நாள்."

அவ்வளவுதான். ரூபாயோட மதிப்பு மாறிக்கிட்டே இருக்கும், ஆனா ஒரு நாள் உழைப்பு ஒரு நாள் உழைப்புதான். பணவீக்கத்தைச் சரிக்கட்டி, பேங்க் வட்டியையும் தாண்டின ஒரு கணக்கை எங்க அம்மா விரல் விட்டே போட்டுட்டாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஆட்டோ விஷயம் புரிஞ்சுது. முந்நூறு ரூபாய் அவங்களுக்கு அரை நாளுக்கு மேல கூலி. அரை நாள் மலையில குனிஞ்சு காய் எடுக்கிறதை, 40 நிமிஷம் நிழல்ல உட்கார்ற சுகத்துக்காக விடணுமா? அவங்க கஞ்சத்தனமும் தாராளமும் எனக்கு ரெண்டு குணமாத் தெரிஞ்சுது. அவங்களுக்கு அது ஒரே கணக்குதான். தனக்குன்னு வரும்போது கையை இறுக்குனாத்தான், அடுத்தவங்களுக்குன்னு வரும்போது கையைத் திறக்க முடியும்.

ஏலக்காய் விலை சொல்லிக்கொடுத்த பாடம்

ஏன் எங்க பக்கம் இப்படி ஒரு பழக்கம்? அதுக்கு ஏலக்காயைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

எங்க ஊர்ப் பெண்கள் நிறைய பேரு விடியறதுக்கு முன்னாடி சோத்துத் தூக்கோட ஜீப் ஏறுவாங்க. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டி கேரளா, இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். ஏலக்காய் செடியோட அடியில, தரையை ஒட்டிக் காய்க்கும். எல்லாக் காயும் ஒரே நேரத்துல பழுக்காது. அதனால ஒரு தோட்டத்துல ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி சுத்திச் சுத்தி எடுக்கணும். ஆடி, ஆவணியில ஆரம்பிச்சா தை, மாசி வரைக்கும் எடுப்பு இருக்கும். அப்புறம் கோடையில வேலை குறைஞ்சுரும். அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர்ல உலர்த்தினா ஏறக்குறைய ஒரு கிலோ நிக்கும். அதுதான் போடிக்கும் கேரளாவுல இருக்கிற புத்தடிக்கும் ஸ்பைசஸ் போர்டு நடத்துற ஏலத்துக்கு வரும்.

இப்ப விலையைப் பாருங்க. 2018 வெள்ளத்துல தோட்டங்கள் அடிபட்டுச்சு, அடுத்த வருஷம் காய் தட்டுப்பாடு. 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல ஒரு கிலோ அதிகபட்சமா 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த வாரம் போடி டீக்கடையில எல்லாரும் ஏலக்காய் பத்தித்தான் பேசினாங்க. மூணு வருஷத்துக்குள்ள, 2022-ல, சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு. விலை ஏறினா தொழிலாளிக்குக் கூலி அதே வேகத்துல ஏறாது. ஆனா விலை விழுந்தா வேலை நாள் குறையும்.

இப்படி ஒரு வருமானத்துல வாழ்ற ஒருத்தருக்கு ரெண்டு பழக்கம் தானா வந்துரும். ஒண்ணு, கையில இருக்கிற காசை எளிதுல விடமாட்டாங்க, ஏன்னா அடுத்த மாசம் எப்படியோ தெரியாது. ரெண்டு, நல்ல மாசத்துல கொஞ்சம் மிஞ்சினா அதை எங்கயாவது பத்திரமா வைக்கணும். வீட்டுல வச்சா செலவாயிரும், இல்லன்னா யாராவது குடிச்சுத் தீர்த்துருவாங்க. சீட்டுப் போட்டா சீட்டு நடத்துறவர் ஓடிப்போன கதை எல்லா ஊர்லயும் உண்டு. அப்போ எங்க வைக்கிறது? பக்கத்து வீட்டு விசேஷத்துல வைக்கிறது.

மொய்ங்கிறது ஒரு வகையில சேமிப்புக் கணக்கு. பாஸ்புக் உங்ககிட்ட இல்ல, எதிர்வீட்டு பீரோவுல இருக்கு. அடமானம் கிடையாது, கையெழுத்து கிடையாது. உங்க பேருதான் ஜாமீன். வீட்டுல ஒரு சடங்கோ கல்யாணமோ வரும்போது, அதாவது உங்களுக்குப் பெரிய தொகை தேவைப்படும்போது, நாலு பக்கமும் சிதறிக் கிடந்த பணம் ஒரே நாள்ல மேசைக்கு வந்து சேரும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டத்துல பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதை இன்னும் வெளிப்படையாப் பண்றாங்க. காதுகுத்து, கல்யாணம்னு காரணமே தேவையில்ல. ஆடி, ஆவணியில 'மொய் விருந்து'ன்னே பத்திரிகை அடிச்சு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவாங்க. செலவைக் குறைக்க நாலஞ்சு குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல்ல நடத்துறதும் உண்டு.

கடைசியில வர்ற அந்த ஒரு ரூபாய்

ஏன் 1,000 இல்லாம 1,001? கேட்டா பெரியவங்க சொல்ற காரணம்: பூஜ்யத்துல முடிஞ்சா கணக்கு முடிஞ்ச மாதிரி. அந்த ஒத்த ரூபாய், "நமக்குள்ள இன்னும் இருக்கு"ன்னு சொல்றதுக்கு.

இது நம்ம ஊர்ல மட்டும்னு நினைச்சுறாதீங்க. ஜப்பான்ல கல்யாணத்துக்குப் பணம் வைக்கும்போது ரெண்டாப் பிரிக்கக்கூடிய தொகையைத் தவிர்ப்பாங்க, தம்பதி பிரிஞ்சுறக்கூடாதுன்னு. கொரியன் சீரியல் பார்க்கிறவங்க கவனிச்சிருப்பீங்க, அங்கயும் கல்யாண மண்டப வாசல்லயே ஒரு மேசை, கவர் வாங்கிப் பேர் எழுதுவாங்க. பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல கொடையைப் பத்தி எழுதின கட்டுரை உலகம் முழுக்கப் பிரபலம். அவர் சொல்றது சுருக்கமா இதுதான்: கொடுக்கணும், வாங்கிக்கணும், திருப்பிக் கொடுக்கணும். இந்த மூணு கடமையும் சேர்ந்துதான் ஒரு ஊரைக் கட்டி வைக்குது.

இப்ப நம்ம சென்னை, பெங்களூர் வாழ்க்கையைப் பாருங்க. நாலு ஃப்ரெண்ட்ஸ் சாப்பிடப் போறோம். பில் வந்ததும் ஸ்ப்ளிட்வைஸ். உனக்கு 412, எனக்கு 387. ராத்திரிக்குள்ள எல்லாரும் ஜிபே பண்ணி கணக்கைப் பூஜ்யம் ஆக்கிருவோம். யாரும் யாருக்கும் கடன் இல்ல. நியாயமா, சுத்தமா இருக்கு. நானும் அப்படித்தான் பண்றேன். ஆனா எங்க அம்மாகிட்ட இதை விளக்கினப்போ அவங்க கேட்டாங்க: "அப்ப நாளைக்கு அவன் உனக்குப் போன் பண்ண என்ன காரணம் இருக்கு?"

பதில் சொல்ல முடியல. காரணம் இல்லாமலும் ஃப்ரெண்ட்ஸ் போன் பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்கலாம். ஆனா கடைசியா எனக்கு யாரு அப்படி போன் பண்ணினாங்கன்னு யோசிச்சேன், வாயை மூடிக்கிட்டேன்.

இன்னொரு விஷயமும் ஒத்துக்கிறேன். 2022-ல சிலமலை மாமா வீட்டுல கல்யாணம். எனக்கு ஆபீஸ்ல லீவு கேட்கச் சோம்பல். ஜிபேல 1,001 அனுப்பி, கும்பிடுற கை ஸ்டிக்கர் ஒண்ணு போட்டுட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மண்டபத்துல அம்மாகிட்ட மாமா சொன்னாராம்: "பணம் வந்துருச்சுத்தா. புள்ளதான் வரல." அம்மா அதை எங்கிட்ட ரெண்டு வருஷம் கழிச்சு, இந்த நோட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்தப்பதான் சொன்னாங்க. பஸ்ஸுல எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்து, பந்தியில இலை போட்டு, எச்சி இலை எடுத்து, அப்புறம் நீட்டுற 101 ரூபாய்க்கு இருக்கிற மதிப்பு என் 1,001-க்கு இல்ல.

நோட்டுல ஏறாத கணக்கு

இதுவரைக்கும் கேட்டா ஏதோ மொய்க்கு விளம்பரம் பண்ற மாதிரி இருக்கும். அப்படி இல்ல. இதுல வலி நிறைய இருக்கு.

முதல் வலி, விசேஷமே இல்லாத ஆளுங்க. கல்யாணம் ஆகாதவங்க, பிள்ளை இல்லாதவங்க, சின்ன வயசுலயே புருஷனை இழந்து தனியா இருக்கிறவங்க. ஆயுசு முழுக்க எல்லா வீட்டுக்கும் மொய் எழுதுவாங்க. திருப்பி வாங்க அவங்க வீட்டுல ஒரு நாள் வராது. எங்க தெருவுல அப்படி ஒரு அத்தை இருந்தாங்க. அவங்க போட்டது எத்தனை நோட்டுல இருக்குன்னு தெரியாது. அவங்க சாவுக்கு வந்தவங்க கோடித்துணி போட்டாங்க. அவ்வளவுதான் திரும்பி வந்துச்சு.

ரெண்டாவது, கடன் வாங்கிச் செய்ற செய்முறை. ஒரே முகூர்த்தத்துல நாலு பத்திரிகை வந்தா கூலிக்காரங்க என்ன செய்வாங்க? வாரத் தவணைக்கு வாங்குவாங்க, தோட்டை அடகு வைப்பாங்க. கந்துவட்டியைத் தடுக்க தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் வந்துருச்சு. ஆனா நாளைக்குக் காலையில மொய் எழுதணும், இன்னிக்கு ராத்திரி பணம் வேணும்னு நிக்கிறவங்க சட்டத்தைப் பார்க்க மாட்டாங்க. வட்டி இல்லாம திரும்பி வரப்போற பணத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. வெளியில பார்க்கிறவங்களுக்கு அது தாராளம். அந்த வீட்டுக்குள்ள அது பயம். மைக்ல பேர் சின்னத் தொகையோட ஒலிச்சுறக் கூடாதுங்கிற பயம்.

மூணாவது, இந்த நோட்டு பெரும்பாலும் ஒரே சாதிக்குள்ள, சொந்தத்துக்குள்ள சுத்துற நோட்டு. ஜீப்புல ஒண்ணா உட்கார்ந்து போறவங்க எல்லாரும் ஒரே பந்தியில உட்கார்றாங்களான்னு கேட்டா, எங்க ஊர்ல நான் தலையைக் குனிஞ்சுக்கத்தான் முடியும்.

நாலாவது வலியை 2020-ல பார்த்தோம். லாக்டவுன்ல கேரள எல்லையை அடைச்சுட்டாங்க, ஜீப் நின்னுபோச்சு. மாசக்கணக்குல கூலி இல்ல. அப்போ 15 வருஷமா எழுதின மொய்யைத் திருப்பி வாங்க முடியுமா? முடியாது. விசேஷத்துக்கே தடை. அதைவிட முக்கியம், எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல அடுப்பு அணைஞ்சிருந்துச்சு. பேராவூரணிப் பக்கமும் 2018 நவம்பர் கஜா புயல், அப்புறம் கொரோனான்னு அடுத்தடுத்து மொய் விருந்து அடிபட்டுச்சு. ஒரு வீட்டுக்குக் கஷ்டம் வந்தா மத்த வீடுங்க தாங்கும், அதுக்குத்தான் மொய். மழை எல்லார் தலையிலயும் ஒண்ணா பெய்ஞ்சா, குடை கேட்க ஆள் இருக்க மாட்டாங்க. அதனால நண்பர்களே, மொய்யைக் கொண்டாடுறதுக்காக இன்சூரன்சையும் பேங்க் சேமிப்பையும் விட்டுறாதீங்க. அம்மாவுக்கே இப்ப போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. இருக்கு.

ஒப்புரவும் ஈகையும்

அந்த லாக்டவுன்ல இன்னொண்ணும் நடந்துச்சு. ரேஷன் அரிசி கூடுதலாக் கிடைச்ச வீட்டுலேர்ந்து இல்லாத வீட்டுக்கு அரிசி போச்சு. முருங்கைக்கீரை போச்சு. எந்த நோட்டுலயும் யாரும் எழுதல. அம்மாகிட்ட கேட்டேன், ஏன் எழுதல? "பசிக்குக் குடுத்ததை எழுதுவாங்களா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

திருக்குறள்ல 22-வது அதிகாரம் ஒப்புரவறிதல். 23-வது அதிகாரம் ஈகை. பள்ளிக்கூடத்துல ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு மனப்பாடம் பண்ணினேன். வள்ளுவர் ரெண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வச்சிருக்கார். என் வாசிப்புல ஒப்புரவு ஊரோட சேர்ந்து வாழ்றவர் தன் பங்கைச் செய்றது. ஈகை திருப்பித் தர வழியே இல்லாதவருக்குக் கொடுக்கிறது. எங்க அம்மா குறள் படிச்சதில்ல. ஆனா எதை நோட்டுல எழுதணும், எதை எழுதக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலையேற வந்த 20 பேருக்கு மேல இறந்தாங்க. அன்னிக்கு முதல்ல மேல ஏறிப் போனவங்கள்ல மலைக்கிராமத்து ஆளுங்களும் இருந்தாங்க. போர்வையில தூக்கிச் சுமந்து கீழ கொண்டு வந்தாங்க. தூக்கப்பட்டவங்க யாரு, எந்த ஊரு, எதையும் கேட்கல. அதே ஆளுங்க டீக்கடையில ஒரு ரூபாய் சில்லறைக்கு வாக்குவாதம் பண்ணுவாங்க, நானே பார்த்திருக்கேன். ஒருத்தர் சில்லறையில எப்படின்னு பார்த்து அவர் மனசை எடை போடக்கூடாதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

நான் என்ன மாத்திக்கிட்டேன்

அட்வைஸ் பண்ற தகுதி எனக்கு இல்ல. நான் செய்றதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

என் செலவை இப்ப நாள் கணக்குல பார்க்கிறேன். சம்பளத்தை வேலை நாளால வகுத்தா ஒரு நாள் கூலி வரும். ஒரு ஹெட்போன் வாங்கணுமா? இது எத்தனை நாள் கூலி? மூணு நாள். மூணு நாள் ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்கு இது சமமா? சில சமயம் ஆமான்னு வரும், வாங்குவேன். நிறைய தடவை இல்லன்னு வருது. நான் மறந்தே போன ரெண்டு ஓடிடி சந்தாவை அப்படித்தான் நிறுத்தினேன்.

ரெண்டாவது, ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கேன். யாரு எனக்கு என்ன செஞ்சாங்கன்னு மட்டும் எழுதுறேன். வேலை தேடின காலத்துல ஆறு மாசம் வாடகை வாங்காம ரூம்ல வச்சிருந்த நண்பன், காய்ச்சல்ல கஞ்சி கொண்டு வந்த எதிர் ஃபிளாட் அக்கா. நான் செஞ்சதை எழுதுறதில்ல. அதை எழுத வேண்டியது அவங்க.

மூணாவது, முடிஞ்சவரைக்கும் நேர்ல போறேன். எங்க ஊருக்கு ரயில் 12 வருஷத்துக்கு மேல நின்னு போயிருந்துச்சு. 2023 ஜூன்லேர்ந்து சென்னை சென்ட்ரல்ல ஏறினா போடியில இறங்கலாம். சாக்கு சொல்லவும் முடியல.

போன தை மாசம் அதே சிலமலை மாமா வீட்டுல கிரகப்பிரவேசம். போனேன். மாமா வாசல்லயே பார்த்துட்டு, "வாப்பா, இந்தத் தடவை ஆளே வந்துருச்சு"ன்னு சிரிச்சார். பந்தியில தண்ணி ஊத்தினேன். அப்புறம் மொய் மேசைக்குப் போனேன். எழுதுறவர் தலையை நிமிராமலே கேட்டார், "பொட்டிபுரம்... யாரு பேருக்கு எழுத?"

வழக்கமா அப்பா பேரு சொல்லணும். நான் என் தங்கச்சி பேரைச் சொன்னேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கட்டிக்கொடுத்த பொண்ணு பேர்ல அண்ணன் மொய் எழுதுறது எங்க பக்கம் வழக்கமில்ல. ஆனா 2009-ல அவ பேர்ல வந்த பணத்துல படிச்சது நான். அவ மகளுக்கு இன்னும் காது குத்தல. அன்னிக்கு இந்தப் பணம் அவ மேசைக்குத் திரும்பி வரட்டும்.

மைக்ல அவ பேரு ஒலிச்சுது. பின்னாடி அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எதுவும் சொல்லல. வெளியில வந்ததும் ஆட்டோ பிடிக்கவான்னு கேட்டேன்.

"பஸ்ஸு இப்ப வந்துரும்"னாங்க.

நின்னோம். உங்க வீட்டு பீரோவுலயும் ஒரு நோட்டு இருக்கும். எடுத்துப் பாருங்க. உங்க காதுகுத்துக்கு 51 ரூபாய் எழுதினது யாரு, அன்னிக்கு அது அவங்களுக்கு எத்தனை நாள் கூலின்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கேட்டுட்டு எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.